தனித்தனியாவா, சேர்த்தா? ஒரு ஜெர்மன் சாப்பாட்டு மேஜையின் கணக்கு

[எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.]

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் இல்ல, இன்டர்வியூ டிப்ஸ் இல்ல, விசா அப்டேட் இல்ல. சாப்பாடு மட்டும்தான். ஃப்ரெண்ட்ஸோட வெளியில போய்ச் சாப்பிடுறது. அதுவும் ஜெர்மனியில, அசல் ஜெர்மன் ரெஸ்டாரன்ட்ல.

நான் மியூனிக் வந்து மூணு வருஷம் ஆச்சு. இந்த ஊருக்கு வேலைக்கோ படிக்கவோ வரப்போறவங்க எனக்கு அனுப்புற மெசேஜ்ல பாதி சாப்பாடு பத்தித்தான் இருக்கும். "ப்ரோ, அங்க வெஜ் கிடைக்குமா?" "தண்ணிக்குக் கூடக் காசாமே?" "டிப்ஸ் எவ்வளவு வைக்கணும்?" இது எல்லாத்துக்கும் இன்னைக்குப் பதில் சொல்லிடுறேன். ஆனா இந்த எபிசோடுக்கு உண்மையான காரணம் வேற. சாப்பிட்டு முடிச்சதும் சர்வர் வந்து மேஜைல ஒரு கேள்வி கேப்பாங்க. மூணே வார்த்தை. அதுக்கு நீங்க என்ன பதில் சொல்றீங்கன்றதுல, அடுத்த வாரம் அந்த மேஜைக்கு யார் வருவா, யார் வரமாட்டான்றது முடிவாகிடும். அதைப் பத்திப் பேசணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன்.

முதல்ல எங்க கேங்க்கை அறிமுகப்படுத்திடுறேன். பேர் வேணாம், ஊர் போதும். கோயம்புத்தூர் அக்கா, எங்கள்ல சீனியர், பதினோரு வருஷ அனுபவம். நெல்லைக்காரர், சுத்த சைவம், முட்டை மட்டும் ஓகே. ராமநாதபுரம் பாய், பன்றியும் கிடையாது, மதுவும் கிடையாது. சேலத்துக்காரன், எதுவும் விலக்கில்ல. அப்புறம் திருச்சி தம்பி, மாஸ்டர்ஸ் படிக்க வந்த ஸ்டூடன்ட், இருபத்திமூணு வயசு. ஆறாவது ஆள் நான். இந்த ஆறு பேரும் ஒரே மேஜைல உட்கார்றதே ஒரு காம்பினேட்டரிக்ஸ் ப்ராப்ளம்.

உட்கார்றதுக்கே ஒரு விதி இருக்கு

பவேரியால இந்த மாதிரி பழைய பாணி சாப்பாட்டுக் கடைக்கு விர்ட்ஸ்ஹவுஸ்னு பேர். மர மேஜை, மர பெஞ்ச், சுவத்துல மான் கொம்பு. உள்ள போனதும் காலியா ஒரு பெரிய மேஜை தெரியும். ஓடிப்போய் உட்கார்ந்துடாதீங்க. நடுவுல ஒரு சின்ன போர்டு இருக்கான்னு பாருங்க. "ஷ்டம்டிஷ்"னு எழுதியிருந்தா அது வாடிக்கையாளர்களோட மேஜை. வருஷக்கணக்கா அதே நாள், அதே நேரம், அதே ஆளுங்க வந்து உட்கார்ற இடம். நம்ம ஊர் டீக்கடை பெஞ்ச்ல காலைல பேப்பர் படிக்கிற பெரியவருக்கு ஒரு இடம் இருக்குமே, அதுக்கு இவங்க போர்டே வச்சிருக்காங்க.

ஷ்டம்டிஷ் இல்லாத நீள மேஜைல ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தா, மீதி இடத்துல நீங்க உட்காரலாம். ஆனா கேட்டுட்டு உட்காரணும். "இஸ்ட் ஹியர் நோக் ஃப்ரை?" இங்க இடம் காலியா? அவ்வளவுதான். தெரியாதவங்களோட ஒரே மேஜைல சாப்பிடுறது நம்ம மெஸ்ல சகஜம். இங்கயும் சகஜம்தான்.

உட்கார்ந்ததும் முதல்ல குடிக்க என்னன்னுதான் கேப்பாங்க. சாப்பாட்டு ஆர்டர் அப்புறம். இங்கதான் நம்ம ஆளுங்களுக்கு முதல் ஷாக். தண்ணி கேட்டா பாட்டில் வரும், பில்லும் வரும். சும்மா "வாஸர்"னு சொன்னா கேஸ் போட்ட சோடா தண்ணி வர வாய்ப்பு அதிகம். சாதா தண்ணி வேணும்னா "ஷ்டில்"னு சொல்லணும். குழாய்த் தண்ணிக்கு லைட்டுங்ஸ்வாஸர்னு பேர். இந்த ஊர்க் குழாய்த் தண்ணி நல்ல தண்ணிதான், ஆனா அதை ரெஸ்டாரன்ட்ல இலவசமா கொடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல. கேட்டா சில இடத்துல கொடுப்பாங்க, சில இடத்துல முகம் சுருங்கும். ஏன்னா இங்க நிறைய கடைகளுக்கு லாபமே டிரிங்க்ஸ்லதான்.

மது சாப்பிடாதவங்களுக்கு ஆப்பிள் ஷோர்லே இருக்கு, ஆப்பிள் ஜூஸும் சோடாவும் கலந்தது. ஷ்பெட்சின்னு ஒண்ணு இருக்கு, கோலாவும் ஆரஞ்சும் கலந்தது. பாய்க்கு அதுதான் நிரந்தரம். ஒரு விஷயம் கவனிச்சுக்கோங்க. "அல்கஹோல்ஃப்ரை"ன்னு போட்ட பீர்ல 0.5 சதவீதம் வரைக்கும் ஆல்கஹால் இருக்கலாம். துளியும் கூடாதுன்னா லேபிள்ல 0.0 இருக்கான்னு பாக்கணும். இது பாய் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

மெனு கார்டு ஒரு டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்

இப்ப சைவக் கேள்விக்கு வருவோம். கிடைக்கும். கேஸெஷ்பெட்ஸ்லேன்னு ஒண்ணு இருக்கு. முட்டையும் மைதாவும் சேர்ந்த சின்னச் சின்ன மாவுத் துண்டுகள், மேல உருகின சீஸ், அதுக்கு மேல பொன்னிறமா வறுத்த வெங்காயம். பசியோட போனா சொர்க்கம், அரை வயிறோட போனா பாதிலயே கை நின்னுடும். அப்புறம் க்னோடல், பழைய ரொட்டியை ஊறவச்சு உருட்டி வேகவச்ச உருண்டை, காளான் க்ரீம் குழம்போட வரும். நெல்லைக்காரர் அதுக்கு "ஜெர்மன் கொழுக்கட்டை"ன்னு பேர் வச்சிருக்கார்.

ஆனா பொறி எங்க இருக்குன்னா, பேர்ல சைவமா தெரியறதுல. உருளைக்கிழங்கு சாலட்தானேன்னு வாங்குவீங்க. தெற்கு ஜெர்மனில பல இடங்கள்ல அதுக்கு மாட்டிறைச்சி சூப் ஊத்திப் பிசைவாங்க. வறுத்த உருளைக்கிழங்குல ஷ்பெக் இருக்கும், அதாவது பன்றிக் கொழுப்புத் துண்டுகள். சிவப்பு முட்டைகோஸை சில இடங்கள்ல வாத்துக் கொழுப்புல வதக்குவாங்க. "இறைச்சி இல்லாததா?"ன்னு கேட்டா சர்வர் நல்ல மனசோட "ஆமா"ன்னுதான் சொல்வாங்க. அவங்க கணக்குல தட்டுல ஒரு பெரிய துண்டா கிடந்தாதான் இறைச்சி. அதனால கேள்வியைக் குறுக்கிக் கேளுங்க. "இஸ்ட் டா ஷ்பெக் ட்ரின்?" இதுல ஷ்பெக் இருக்கா? "மிட் ஃப்ளைஷ்ப்ரூயே?" இறைச்சி சூப் சேர்த்ததா? குவெரி துல்லியமா இருந்தா ரிசல்ட்டும் துல்லியமா வரும்.

மெனுல ஒவ்வொரு டிஷ் பக்கத்துலயும் குட்டியா எழுத்தும் நம்பரும் இருக்கும். அது அலர்ஜி விவரம். பால், முட்டை, கோதுமை, கடலைன்னு 14 வகையைத் தெரிவிக்கணும்னு ஐரோப்பிய ஒன்றிய விதி, 2014 டிசம்பர்லருந்து அமல்ல இருக்கு. முட்டை கூட வேணாம்னு இருக்கிறவங்களுக்கு இது பெரிய உதவி. ஆனா இறைச்சி அந்தப் பட்டியல்ல கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க.

பன்றி விலக்கானவங்களுக்கு ஒண்ணு. மெனுல "வீனர் ஷ்னிட்சல்"னு இருந்தா அது கன்னுக்குட்டி இறைச்சியாதான் இருக்கணும். "ஷ்னிட்சல் வீனர் ஆர்ட்"னு இருந்தா, அதாவது வியன்னா பாணின்னு இருந்தா, பெரும்பாலும் பன்றி. ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம். சாப்பிடுறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய வித்தியாசம்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அட்டை மேல போடுற கோடு

பீர் கிளாஸுக்குக் கீழ ஒரு வட்ட அட்டை வைப்பாங்க, பியர்டெக்கல். மரக்கூழ்ல செஞ்சது. டிரெஸ்டன் நகரத்து ராபர்ட் ஷ்புட்னு ஒருத்தர் 1892ல காப்புரிமை வாங்கினது. கிளாஸ்ல வழியுற ஈரத்தை உறிஞ்சறதுக்குத்தான் வந்தது. ஆனா அதுக்கு ரெண்டாவது வேலை ஒண்ணு இருக்கு. சர்வர் ஒவ்வொரு கிளாஸ் வைக்கும்போதும் அட்டை ஓரத்துல ஒரு கோடு போடுவாங்க. கடைசியில கோட்டை எண்ணிக் காசு. அந்தக் கோட்டை நீங்க அழிச்சா, ஜெர்மன் சட்டப்படி அது ஆவண மோசடி. சட்டக் கல்லூரிப் பசங்களுக்கு இதுதான் பாடப்புத்தக உதாரணமாம்.

எனக்கு இது ரொம்பப் பிடிச்ச சிஸ்டம். எழுத மட்டும்தான் முடியும், அழிக்க முடியாது. டேபிள்ல எல்லாருக்கும் தெரியற மாதிரி லாக். 2003ல ஃப்ரீட்ரிஷ் மெர்ட்ஸ், இப்ப ஜெர்மனியோட சான்ஸ்லரா இருக்காரே அவர்தான், ஒருத்தரோட வருமான வரிக் கணக்கு ஒரு பியர்டெக்கல்ல அடங்கற அளவுக்கு எளிமையா இருக்கணும்னு பேசினார். அந்தப் பேச்சு இன்னும் இங்க பிரபலம். கணக்கு எளிமையா, எல்லாரும் பாக்கற மாதிரி இருக்கணும்னு இந்த ஊர்க்காரங்களுக்கு ஒரு ஆசை. அதுதான் அந்த மூணு வார்த்தைக் கேள்வியிலயும் இருக்கு.

கெட்ரென்ட் ஓடர் ட்சுஸாமன்?

தனித்தனியாவா, சேர்த்தா? இதுதான் அந்தக் கேள்வி. பில் கேட்டதும் சர்வர் ஒரு தடிச்ச பர்ஸோட வந்து நின்னு கேப்பாங்க.

நம்ம ஆளுங்க வாயில பதில் யோசிக்காமலே வரும்: "ட்சுஸாமன்". சேர்த்து. ஒருத்தர் கார்டைத் தட்டுவார், அப்புறம் ஆப்ல போட்டு ஆறால வகுத்துடுவோம். ஒருத்தர் என்ன சாப்பிட்டாருன்னு எண்ணிப் பாக்கறதே நமக்குக் கூச்சம். நம்ம ஊர்ல பில் கவுன்டர்ல நடக்கற சண்டை தெரியும்ல? "டேய் நீ கையை எடு, நான் தர்றேன்"னு ஒருத்தர் சட்டைப் பையை இன்னொருத்தர் பிடிச்சு இழுக்கறது. அங்க வளர்ந்தவங்களுக்குத் தனித்தனியா கணக்குன்னாலே உறவுல ஏதோ விரிசல்னு தோணும்.

இப்ப ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். அஞ்சு பேர் ஆளுக்கு ஒரு மெயின் டிஷ், ரெண்டு டிரிங்க், ஒரு டெசர்ட், சராசரியா 38 யூரோ. அது 190. ஆறாவது ஆள் ஒரு கேஸெஷ்பெட்ஸ்லே, ஒரு ஆப்பிள் ஷோர்லே, 20 யூரோ. மொத்தம் 210. டிப்ஸ் 15. ஆக 225. ஆறால வகுத்தா 37.50. இருபது யூரோவுக்குச் சாப்பிட்டவன் முப்பத்தேழரை கொடுக்கறான். மாசம் ரெண்டு தடவைன்னா 35 யூரோ கூடுதல். வேலைல இருக்கறவங்களுக்கு அது ஒண்ணுமே இல்ல.

ஸ்டூடன்டுக்கு? இங்க படிக்க வர்றவங்க பெரும்பாலும் ப்ளாக்டு அக்கவுன்ட்ல பணம் போட்டுத்தான் விசா வாங்கறாங்க. 2024 செப்டம்பர்லருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ. அதுல மாசம் 992 யூரோதான் எடுக்க முடியும். மியூனிக் வாடகை அதுல பெரும்பகுதியைச் சாப்பிட்டுடும். பார்ட் டைம் வேலைக்கும் வரம்பு உண்டு, வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லன்னா 280 அரை நாள். அந்தப் பையனுக்கு 35 யூரோன்றது ஒரு வார மளிகை.

திருச்சி தம்பி இதை வாய்விட்டுச் சொல்லவே இல்ல. ரெண்டு மாசம் ஒழுங்கா வந்தான். மூணாவது மாசம் "அசைன்மென்ட் இருக்கு". அப்புறம் "ஷிஃப்ட் இருக்கு". அப்புறம் குரூப்ல மெசேஜுக்கு ஒரு தம்ஸ் அப் மட்டும். இந்த ஊர்ல குளிர்காலத்துல சாயங்காலம் நாலரை மணிக்கே இருட்டிடும். தனியா ரூம்ல இருக்கற ஒரு இருபத்திமூணு வயசுப் பையனுக்கு அந்தச் சனிக்கிழமை மேஜைன்றது வெறும் சாப்பாடு இல்ல. அவன் வாரத்துல வாய் நிறைய தமிழ் பேசற ஒரே இடம் அது.

அந்த நேரத்துல என் டீம்ல இருக்கற ஒரு பவேரியாக்காரர் ஒரு நாள் எங்களோட சாப்பிட வந்தார். அன்னைக்கு தம்பியும் வந்திருந்தான், அக்கா போன் பண்ணி "நீ வந்தே ஆகணும்"னு சொன்னதால. சாப்பிட்டு முடிச்சோம். சர்வர் அந்தக் கேள்வியைக் கேட்டாங்க. நாங்க வாயைத் திறக்கறதுக்குள்ள அந்த மனுஷன் ரொம்ப இயல்பா "கெட்ரென்ட், பிட்டே"ன்னுட்டார். தனித்தனியா, ப்ளீஸ்.

மேஜைல ஒரு நிமிஷம் அமைதி. சேலத்துக்காரன் என் காதுல, "என்னடா இவர், கூட சாப்பிட்டுட்டு இப்படிக் கணக்கு பாக்கறார்"னான். சர்வர் ஒவ்வொருத்தரா வந்தாங்க. நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு நீங்களே சொல்லணும். அவங்க கூட்டி ஒரு தொகை சொல்வாங்க. ஏழு பேருக்கும் சேர்த்து அஞ்சு நிமிஷம். தம்பி முறை வந்தப்ப "ஒரு கேஸெஷ்பெட்ஸ்லே, ஒரு ஆப்பிள் ஷோர்லே"ன்னு ஜெர்மன்ல தெளிவா சொன்னான், காசைக் கொடுத்தான், பர்ஸை மூடினான். அன்னைக்குத்தான் அவன் முகம் சாப்பாட்டுக்கு அப்புறமும் சிரிச்ச முகமா இருந்தது.

வெளியில வந்து யு-பான் பிளாட்பாரத்துல நிக்கும்போது அவனே ஆரம்பிச்சான். "அண்ணா, எனக்கு விலை பிரச்சினை இல்லண்ணா. இருபது யூரோன்னா இருபது யூரோன்னு நான் ப்ளான் பண்ணிட்டுத்தான் வருவேன். மறுநாள் காலைல ஆப்ல ஒரு நோட்டிஃபிகேஷன் வரும் பாருங்க, அது எவ்வளவுன்னு எனக்கு முன்னாடியே தெரியாது. அதுதான்."

சரிடா, உன் பங்கை நாங்களே போட்டுடறோம்னு அக்கா சொன்னாங்க. அதுக்கு அவன் சொன்ன பதில்தான் எனக்கு இந்த எபிசோடையே எழுத வச்சது. "ஒரு தடவை நீங்க போட்டா சந்தோஷம்க்கா. ஒவ்வொரு தடவையும் நீங்களே போட்டா, நான் எப்படிக்கா வர்றது?"

யோசிச்சுப் பாருங்க. நம்ம ஊர் பில் சண்டைல ஒரு மறைமுக விதி இருக்கு. இன்னைக்கு நீ, நாளைக்கு நான். அந்த நாளைக்குன்றது ஒருத்தனால முடியாதப்ப, அது சண்டையே இல்ல. ஒருத்தர் கொடுத்துட்டே இருக்கார், இன்னொருத்தர் வாங்கிட்டே இருக்கார். வாங்கறவன் ஒரு கட்டத்துல வர்றதை நிறுத்திடுவான். பெருந்தன்மைல குறை ஒண்ணும் இல்ல. ஆனா அது ரெண்டு பக்கமும் ஓடற தெருவா இருக்கணும்.

கூட்டிட்டுப் போறதும், கூடப் போறதும்

மறுநாள் என் டீம்மேட்டை ஆபீஸ் கேன்டீன்ல பிடிச்சேன். இது உங்க ஊர்ல கஞ்சத்தனம் ஆகாதான்னே கேட்டுட்டேன். அவர் சிரிச்சுட்டு ரெண்டு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். "சாப்பிடப் போலாமா?"ன்னு ஒருத்தர் கேட்டா, கூடப் போறோம், அவங்கவங்க காசு. "இஷ் லாடே டிஷ் ஐன்"னு சொன்னா, உன்னை அழைக்கிறேன்னு அர்த்தம், முழுச் செலவும் சொன்னவருது. பிறந்தநாள்னா பிறந்தநாள்காரர்தான் செலவு பண்ணணும், ஆபீஸ்ல கேக் கூட அவரே கொண்டுவரணும். அதாவது இவங்களும் ட்ரீட் வைக்கிறாங்க. ஆனா ட்ரீட்டா இல்லையான்றது சாப்பிடறதுக்கு முன்னாடியே வார்த்தையில தெரிஞ்சுடும். நமக்கு அது பில் வர்றப்பதான் தெரியும்.

அக்கா இதை முழுசா ஒத்துக்கல. "எல்லாரும் தனித்தனியா காசு எண்ணிட்டு உட்கார்ந்திருக்கறதுக்கு எதுக்கு ஒண்ணா போகணும்?"னு கேட்டாங்க. அவங்க கேள்வியிலயும் நியாயம் இருக்கு. நான் இதுல எந்தக் கட்சியும் இல்ல. எனக்குப் புரிஞ்சது இதுதான்: ஒரு மேஜைல எல்லாருக்கும் சம்பளம் கிட்டத்தட்ட ஒண்ணுன்னா, ஆறால வகுக்கறது அன்பு. ஒருத்தருக்கு மட்டும் வேறன்னா, அதே வகுத்தல் அவருக்குச் சுமை. விதி மாறல, மேஜைல உட்கார்ந்த ஆள் மாறிட்டார்.

இப்ப எங்க கேங்க்ல நடைமுறை என்னன்னா, டீஃபால்ட் கெட்ரென்ட். யாராவது ட்ரீட் வைக்கணும்னா, கிளம்பறதுக்கு முன்னாடியே குரூப்ல சொல்லிடணும்.

டிப்ஸ் கேள்வியையும் இங்கயே முடிச்சுடறேன். அஞ்சுலருந்து பத்து சதவீதம் போதும். இங்க சர்வருக்கும் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் உண்டு, 2015லருந்து. அமெரிக்கா மாதிரி டிப்ஸை நம்பிச் சம்பளம் இல்ல. கொடுக்கற விதம்தான் வேற. மேஜைல வச்சுட்டு வர்றதில்ல. பில் 18.40னா, இருபது யூரோ நோட்டை நீட்டி "ஷ்டிம்ட் ஸோ"ன்னு சொல்லணும், மீதி வேணாம்னு அர்த்தம். ஐம்பது நோட்டு கொடுக்கறீங்கன்னா "ட்ஸ்வான்ட்சிஷ்"னு சொன்னா, இருபது எடுத்துக்கிட்டு முப்பது திருப்பித் தருவாங்க. கார்டுன்னா தட்டறதுக்கு முன்னாடியே தொகையைச் சொல்லணும். இன்னும் சில கடைல ரொக்கம் மட்டும்தான், கைல கொஞ்சம் நோட்டு வச்சுக்கோங்க.

பில்லே இல்லாத மேஜை

ஆனா எங்க பிரச்சினைக்கு முழுத் தீர்வு கிடைச்சது ரெஸ்டாரன்ட்ல இல்ல, பியர்கார்டன்ல. இதைத் தெரிஞ்சுக்காம மியூனிக்ல ஒரு வெயில்காலத்தை வீணாக்கிடாதீங்க.

கதை என்னன்னா, அந்தக் காலத்துல பவேரியால வெயில் மாசங்கள்ல பீர் காய்ச்சத் தடை, தீ விபத்து பயம். அதனால குளிர்காலத்துலயே காய்ச்சி, நிலத்துக்கடியில பாதாள அறை வெட்டிச் சேமிச்சாங்க. மேல வெயில் படாம இருக்க, இலை அகலமான செஸ்ட்நட் மரங்களை நட்டாங்க. ஜனங்க அந்த நிழலுக்கே வந்து குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஊருக்குள்ள இருந்த சாப்பாட்டுக் கடைக்காரங்களுக்கு வயித்தெரிச்சல், ராஜாகிட்ட புகார். 1812ல ராஜா முதலாம் மாக்ஸிமிலியன் ஜோசஃப் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவா ஒரு தீர்ப்பு சொன்னார். காய்ச்சறவங்க அங்கயே பீர் விக்கலாம், ரொட்டியும் விக்கலாம், வேற சாப்பாடு விக்கக்கூடாது. ஜனங்க என்ன பண்ணாங்க? வீட்லருந்து சாப்பாடு கட்டிட்டு வந்தாங்க.

சாப்பாடு விக்கக்கூடாதுன்ற தடை போயிடுச்சு. ஆனா கட்டிட்டு வர்ற பழக்கம் இன்னைக்கும் இருக்கு. 1995ல பக்கத்து வீட்டுக்காரங்க சத்தம்னு வழக்கு போட்டு, ஒரு பியர்கார்டனை ராத்திரி சீக்கிரமே மூடச் சொன்னப்ப, மியூனிக்ல ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலம் போனாங்க. அப்புறம் 1999ல பவேரிய அரசு பியர்கார்டனுக்குன்னே தனி விதி போட்டது. அதுலயே, சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்து சாப்பிடலாம்ன்றது பியர்கார்டனோட அடையாளமா எழுதியிருக்கு. நம்ம கட்டுச்சோறுக்கு அரசாங்க அங்கீகாரம்!

விதி சிம்பிள். மேஜை விரிப்பு போட்ட மேஜைன்னா சர்வர் வருவாங்க, அங்க சொந்தச் சாப்பாடு கூடாது. வெறும் மர மேஜைன்னா செல்ஃப் சர்வீஸ், அங்க டிஃபன் பாக்ஸைத் திறக்கலாம். குடிக்கறதை மட்டும் அங்கயே வாங்கணும். கிளாஸுக்கு டெபாசிட் வாங்குவாங்க, திருப்பிக் கொடுத்தா காசும் திரும்ப வரும்.

போன ஜூன் மாசம் ஹிர்ஷ்கார்டன் போனோம். சுமார் எட்டாயிரம் பேர் உட்கார்ற இடம், பக்கத்துல மான்கள் மேயுது. இந்தத் தடவை தம்பிதான் குரூப்ல மெசேஜ் போட்டான். "சனிக்கிழமை யாரும் சமைக்காதீங்க. நான் அழைக்கிறேன்." ஜெர்மன் அர்த்தத்துல!

ஒரு பெரிய பாத்திரம் நிறைய எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அவங்க அம்மா அனுப்பின மோர் மிளகாய். அரிசி, எலுமிச்சை, உருளைக்கிழங்கு, எல்லாம் சேர்த்து பதினஞ்சு யூரோ கூட ஆகலன்னான். பாய் அங்கேயே குச்சியில குத்திச் சுட்ட அயிலை மீன் ஒண்ணு வாங்கிட்டு வந்தார், ஷ்டெக்கர்ல்ஃபிஷ்னு பேர். சேலத்துக்காரன் ஒரு லிட்டர் மாஸ் கிளாஸோட உட்கார்ந்தான். நெல்லைக்காரர் ராடி வாங்கினார், முள்ளங்கியைச் சுருள் சுருளா சீவி உப்பு போட்டுத் தர்றது. எலுமிச்சை சாதத்துக்கு அது அவ்வளவு பொருத்தம். எதிர்ல உட்கார்ந்திருந்த ஒரு ஜெர்மன் தாத்தா-பாட்டி எங்க பாத்திரத்தையே பாத்துட்டிருந்தாங்க. தம்பி ஒரு பேப்பர் தட்டுல வச்சு நீட்டினான். அவங்க பதிலுக்கு முள்ளங்கி அளவுக்கு நறுக்கின சீஸும் ஒரு பெரிய ப்ரெட்சல்ல பாதியும் கொடுத்தாங்க. மோர் மிளகாயைப் பத்தி முன்னாடியே எச்சரிச்சுட்டோம். தாத்தா கேக்கல. அப்புறம் ரெண்டாவது கிளாஸ் வாங்கப் போனார்.

அன்னைக்குக் கிளம்பும்போது அக்கா அவன்கிட்ட, "டேய், ரொம்ப நன்றிடா, வயிறு நிறைஞ்சிடுச்சு"ன்னாங்க. அக்கா வாயிலருந்து அவனுக்கு நன்றி வந்தது அன்னைக்குத்தான் முதல் தடவை. இவ்வளவு நாள் அந்த வார்த்தையை அவன் மட்டும்தான் சொல்லிட்டிருந்தான்.

சரி மக்களே, முடிக்கிறேன். மியூனிக் இல்ல, நீங்க பெங்களூர்ல இருந்தாலும், சென்னைல ஓஎம்ஆர்ல டீம் லஞ்ச் போனாலும் இது பொருந்தும். உங்க கேங்க்ல அடிக்கடி "வேலை இருக்கு"ன்னு சொல்ற ஒருத்தர் இருப்பாங்க. அவங்களுக்கு உண்மையிலேயே வேலை இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அடுத்த தடவை இடத்தை அவங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்க. பில் எப்படின்றதைக் கிளம்பறதுக்கு முன்னாடியே பேசிடுங்க. முடிஞ்சா ஒரு தடவை அவங்க சமையலைச் சாப்பிடப் போங்க.

உங்க கேங்க்ல பில் எப்படிப் பிரிக்கிறீங்கன்னு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. நல்ல சண்டையா இருந்தா அடுத்த எபிசோட்ல போடறேன். அதுவரைக்கும் நல்லா சாப்பிடுங்க, கூட உட்கார்ந்து சாப்பிடுங்க. ப்ரோஸ்ட் சொல்றப்ப கண்ணைப் பாத்துச் சொல்லுங்க, அது இந்த ஊர் மரியாதை. வர்ட்டா!